முன் சக்கரத்தில் ஸ்டட் முறிந்துவிட்டது: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி:
போன முறை டயர் மாற்றிய இடத்தில் ஏர் கன்னை வைத்து நட்டுகளை இறுக்கி அனுப்பினார்கள். இப்போது கழற்றப் போனால் ஒரு நட்டு பாதியில் சிக்கி, ஸ்டட்டோடு (சக்கரத்தை மாட்ட நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்) முறிந்து வந்துவிட்டது. ஐந்தில் மீதி நான்கு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. டிஸ்க் பிரேக். என்னிடம் ஜாக்கி, ஸ்டாண்ட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்) இருக்கின்றன, அழுத்திப் பொருத்தும் பிரஸ் இல்லை. சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை நட்டு போட்டே இழுத்துவிடலாம் என்கிறார் நண்பர். பேரிங் போய்விடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில் 1:
இழுத்துப் போடுவதில் நண்பர் சரி, தட்டுவதில் மற்றவர் சரி. ஆனால் இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். டிஸ்க்கையும் எடுத்துவிட்டு ஹப்பை (ஸ்டட்டுகள் பதிந்திருக்கும் நடுப்பகுதி) மெதுவாகச் சுற்றி, பின்பக்கம் எங்கே இடைவெளி கிடைக்கிறது என்று பாருங்கள். ஸ்டட் பின்னாலிருந்துதான் உள்ளே போக வேண்டும். உடைந்தது குட்டை, அது சுலபமாக வெளியே வந்து ஆளை ஏமாற்றிவிடும். புதியதின் முழு நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால் ஹப்பைக் கழற்றியாக வேண்டும். அழுத்திப் பொருத்திய பேரிங் என்றால் அதை இழுத்தெடுத்த பிறகு மறுபடி போடக்கூடாது, புதிதுதான். அந்த நிலை வந்தால் ஒர்க்‌ஷாப்புக்கே போய்விடுங்கள்.

இடம் இருந்தால் சுத்தியலை ஓரமாக வையுங்கள். ஓங்கி அடிக்கும் அடி நேராக பேரிங் குண்டுகளுக்குப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். சில நாள் கழித்து ஊளைச் சத்தம் கேட்கும். சி வடிவ ஸ்டட் பிரஸ் தனியாகவே கிடைக்கிறது. பால் ஜாயின்ட் கழற்றும் கருவியும் பல வண்டிகளுக்குப் பொருந்தும்.

புதியதைப் போடும்போது அதன் தலையருகே இருக்கும் பல்வரிகளை ஹப் ஓட்டையிலுள்ள பழைய தடத்தோடு பொருத்துங்கள். முன்னால் தடித்த வாஷர்களை அடுக்கி, வாஷர்களுக்கு நடுவில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். நட்டு ஏறும் மரையில் படக்கூடாது. ஒரு பழைய நட்டைத் திருப்பி, தட்டையான முகம் வாஷர் பக்கம் வரும்படி போட்டு ரெஞ்சால் கையாலேயே இறுக்குங்கள். ஏர் கன் வேண்டவே வேண்டாம், அதுதான் உங்களை இங்கே கொண்டுவந்தது. தலை உட்கார்ந்ததும் ரெஞ்ச் சட்டென்று கனக்கும். அப்போது பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்: தலைக்கும் ஹப்புக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால், வண்டி ஓடும்போது ஸ்டட் மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், நட்டு தானாகத் தளரும்.

பதில் 2:
வாங்கும்போது பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 பிட்ச், 1.5 பிட்ச் (மரைகளுக்கு நடுவிலான இடைவெளி, மி.மீ. கணக்கில்) இரண்டும் உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தப்பான நட்டு இரண்டு சுற்று போய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கே பலம் காட்டினால் மரை போச்சு. பல்வரிப் பகுதியின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். அது சிறுத்தால் ஸ்டட் ஓட்டைக்குள்ளேயே சுற்றும்.

கேட்டவர்:
நன்றி. ஹப்பைச் சுற்றிப் பார்த்தேன், கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. மீதி நான்கையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
நானாக இருந்தால் மாற்றிவிடுவேன். அதே கன் அவற்றையும்தான் இறுக்கியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் புது நட்டை ஒவ்வொன்றிலும் விரலால் ஓட்டிப் பாருங்கள். அழுக்கு, துரு இல்லாமலே நடுவில் இறுகினால் அந்த ஸ்டட் நீண்டுவிட்டது. சரியாக ஓடினால்கூட முழு நம்பிக்கை வைக்க மாட்டேன். ஒரு சக்கரத்து ஸ்டட்டுகள் விலை பெரிதில்லை, டிஸ்க்கும் கழன்றுதானே கிடக்கிறது. நட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும்.

பதில் 2:
இறுக்கும்போது எதிரெதிராகப் போங்கள், எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.