28 வினாடி எங்கே போச்சு?

மீனா: பெரியப்பா, ஈவென்டிங்னு டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங் மூணும் சேர்ந்த குதிரைப் போட்டி இருக்குல்ல, அதுல நம்ம ஃபவாத் மிர்ஸா டோக்கியோ ஒலிம்பிக்ல டிரெஸ்ஸாஜ், அதான் குதிரை அசைவுக்கு மார்க் போடுற சுற்று, முடிஞ்சப்போ 9வது இடம், கடைசில 23. வெளியில தடை தாண்டி ஓடுற கிராஸ் கன்ட்ரில குதிரை எந்தத் தடையிலயும் நிக்கலையே, எப்படி இவ்ளோ இறங்கினாரு?

பெரியப்பா: கணக்குப் போட்டுப் பாரும்மா. டிரெஸ்ஸாஜ்ல 72 சதவீதம், 100ல கழிச்சா 28.00 பெனால்டி, கம்மியா இருந்தாத்தான் நல்லது. அது கடைசிவரை கூடவே வரும். கிராஸ் கன்ட்ரில 11.20 ஏறுச்சு, மைதானத்துல கட்டைகளைத் தாண்டுற ஷோ ஜம்பிங்ல 8. மொத்தம் 47.20. இன்னொரு ஷோ ஜம்பிங் சுற்றுதான் ஃபைனல், அதுக்கு 25 பேர்தான், இவரு 25வது ஆளா உள்ள போனாரு. அங்க 12.40. முடிவுல 59.60.

கார்த்தி அண்ணா: அந்த 11.20 முழுக்க நேரம்தான் மீனா. லேட்டாகுற ஒவ்வொரு வினாடிக்கும் 0.4. குறிச்ச நேரம் 7:45, இவரு 8:13.

மீனா: 28 வினாடி! ஒரே இடத்துலயா போச்சு?

கார்த்தி அண்ணா: அப்படிப் போகாது. தடைக்கு முன்னாடி குதிரையை இழுத்துப் பிடிச்சு நிதானப்படுத்துறாங்கல்ல, அங்க அரை வினாடி, ஒரு வினாடின்னு கசியும். வேகம் நிமிஷத்துக்கு 570 மீட்டர், அதாவது வினாடிக்கு ஒன்பதரை. வளைவுல பத்து மீட்டர் சுத்திப் போனாலே ஒரு வினாடி காலி.

பெரியப்பா: அதனாலதான் முன்னாடியே அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு கோர்ஸ் முழுக்க நடக்குறது. 570 மீட்டர்ல ஒரு மரம், 1140ல ஒரு வேலின்னு அடையாளம் மனசுல பதியணும். கைக்கடிகாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை பீப் அடிக்கும். மரம் வர்றதுக்குள்ள அடிச்சுட்டா பின்தங்கிட்டோம்னு அர்த்தம்.

மீனா: அப்போ விரட்டிப் பிடிக்கலாம்ல?

பெரியப்பா: கூடவே கூடாது! விரட்டினா குதிரை நீண்டு, தட்டையாத் தாவும். கால் தடையில இடிக்கும்.

கார்த்தி அண்ணா: இடிக்கிறதும் சாதாரண விஷயம் இல்ல. அதே டோக்கியோல ஜெர்மனி வீரர் மைக்கேல் யுங். லண்டன், ரியோன்னு ரெண்டு தனிநபர் தங்கம் வாங்கினவர். அவரு குதிரை சிப்மங்க் 14வது தடையைத் தட்டினதுல, இடிச்சா தடை சரியறதுக்கு வச்சிருக்க பாதுகாப்பு கிளிப் கழண்டுருச்சு, 11 பெனால்டி. கிட்டத்தட்ட ஃபவாத் நேரத்துல விட்ட அளவு! 8வது இடத்துக்குப் போயிட்டாரு. 2024 பாரிஸ்ல அதே குதிரையில திரும்ப வந்து மூணாவது தனிநபர் தங்கம்.

மீனா: ஷோ ஜம்பிங்ல கட்டை விழுறது ஏன்?

பெரியப்பா: ஒரு கட்டை விழுந்தா 4. முந்தின நாள் ஓட்டத்துல உடம்பு களைச்சிருக்கும், பின்னங்காலை இழுத்து மடக்காது. கிராஸ் கன்ட்ரில ஓடின நீளமான பாய்ச்சல் அடுத்த நாளும் உடம்புலயே இருக்கும். வார்ம் அப்ல அதைச் சுருக்கி, உருண்டையாக்கித்தான் உள்ள கொண்டு போகணும்.

மீனா: செய்னர் மெடிகாட்தானே ஃபவாத் குதிரை? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல வெள்ளி வாங்கினதும் அதுலதானே?

கார்த்தி அண்ணா: அதேதான். முன்னாடி ஜெர்மனி வீராங்கனை பெட்டினா ஹோய் ஓட்டின குதிரை. சிட்னி 2000ல இம்தியாஸ் அனீஸ் போனதுக்கப்புறம் ஈவென்டிங்ல நம்ம நாட்டுலேர்ந்து ஒருத்தர் ஒலிம்பிக் போனது இதுல ஏறித்தான். என்னைக் கேட்டா, அந்த 28.00 23வது இடத்தை விடப் பெரிய விஷயம்.

மீனா: நம்ம பிள்ளைங்களுக்கு இந்த நேரக் கணக்கை எப்படிப் பழக்குறது பெரியப்பா?

பெரியப்பா: தடையே வேண்டாம். நிமிஷத்துக்கு 350 மீட்டர்ல ஆரம்பி. 350ல ஒரு கொடி, 700ல ஒண்ணு. பீப் அடிக்கும்போது கொடிகிட்ட இருக்கணும், கடிகாரத்தைக் குனிஞ்சு பார்க்கக் கூடாது. ரெண்டு கொடியும் சரியா வந்தப்புறம் நடுவுல ஒரே ஒரு சின்னக் கட்டை வை.