ராத்திரி 10, காலையில 9: டிபென்டரோட 2 பொயின்ட் எங்க போச்சு?

கொட்டகலை கீப்பர்:
எங்க தோட்டத்துப் பசங்க சேர்ந்து எப்.பி.எல். (ஃபேன்டசி பிரீமியர் லீக்: இங்கிலாந்து லீக் ஆளுங்கள வச்சு டீம் கட்டி, அவங்க நிஜ மேட்ச்ல ஆடுறதுக்குப் பொயின்ட் எடுக்கிற ஒன்லைன் விளையாட்டு) லீக் ஒண்ணு நடத்துறோம். சீசன் முடிவுல கடைசியா வாறவன் எல்லாருக்கும் கொத்து வாங்கிக் குடுக்கணும். சனிக்கிழமை ராத்திரி என்னோட சென்டர் பேக்குக்கு டிபென்சிவ் கணக்குல 10 காட்டுச்சு, 2 பொயின்டும் விழுந்துச்சு. காலையில எழும்பிப் பார்த்தா 9. பொயின்டைக் காணோம். மேட்ச் முடிஞ்ச பிறகு எவன் கை வைக்கிறான்? இன்னொண்ணு, லீக்ல முதல் இடத்துல இருக்கிற மச்சானோட விங்கர் போட்ட கிராஸ் எதிர் டீம்காரன் கால்ல பட்டு ஓன் கோலாச்சு. டீவியில யாரும் அசிஸ்ட்னு சொல்லல. அவனுக்கு மட்டும் எப்படி 3 பொயின்ட்?

மஸ்கெலியா எக்ஸ்பிரஸ்:
கீப்பர், கொத்துக் காசுக்கு இப்பவே சீட்டுக் கட்டத் தொடங்கு.

டிக்கோயா தராசு:
தம்பி, யாரும் களவெடுக்கல. கணக்கு எழுதுறது ஒப்டாங்கிற புள்ளிவிவரக் கம்பெனி ஆளுங்க. மேட்ச் நடக்கையிலேயே ஒவ்வொரு டச்சையும் பதியிறாங்க, பிறகு வீடியோவ ஓட்டிச் சரிபார்க்கிறாங்க. அந்தப் பந்த அவன் வெளியேத்தத்தான் அடிச்சானா, கூட்டாளிக்குப் பாஸ் குடுக்கப் பார்த்தானா? அது பார்க்கிறவன் கண்ணப் பொறுத்தது. கிளியரன்ஸ்னு எழுதினத பாஸ்னு மாத்தினா ஒண்ணு குறையும். அந்த வாரத்துக் கணக்க மூடுற வரைக்கும் எதையும் நம்பித் தூங்கப் போகாதீங்க.

2025-26 சீசன்ல வந்த சட்டம் இது. டிபென்டருக்கு கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்ந்து 10 வரணும். மிட்பீல்டர், போர்வர்டுக்கு ரிகவரியும் (யார்கிட்டயும் இல்லாத பந்த மீட்டெடுக்கிறது) சேரும், ஆனா 12 வேணும். தொட்டா 2 பொயின்ட். 20 எடுத்தாலும் அதே 2 தான். 9க்கு முட்டை. நான் மடுவத்துல கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுறவன். கிலோ குறைஞ்சா இங்க அரைப்பேராவது, அதாவது அரை நாள் சம்பளமாவது, விழும். அங்க அதுவும் கிடையாது.

அதனால சராசரியப் பார்த்து ஆள் எடுக்காதீங்க. ஒருத்தன் ஒரு மேட்ச்ல 4, அடுத்ததுல 16. சராசரி 10, ஆனா பாதி மேட்ச்லதான் பொயின்ட். இன்னொருத்தன் எப்பவும் 10, 11. அவன்தான் வேணும். எத்தனை மேட்ச்ல கோட்டைத் தாண்டினான்னு எண்ணுங்க. பந்த விடாம வச்சிருக்கிற பெரிய டீம் டிபென்டருக்கு வெளியேத்துறதுக்குப் பந்தே வராது, அவன எடுக்கிறது டீம் கோல் வாங்காம முடிச்சா வர்ற கிளீன் ஷீட் 4 பொயின்டுக்கு. எவர்டன் டார்கோவ்ஸ்கி மாதிரி பொக்ஸுக்குள்ள நின்னு தலையால முட்டித் தள்ளுறவனுக்கு டீம் கோல் வாங்கினாலும் 2 வரும். அழகா ஆடுறவனத்தான் எனக்கும் பிடிக்கும். ஆனா அழகுக்குப் புத்தகத்துல பத்தி இல்லையே.

பண்டாரவளை அக்கா:
ஓன் கோல் விஷயத்த நான் சொல்றேன். எப்.பி.எல். அசிஸ்டும் டீவியில சொல்ற அசிஸ்டும் ஒண்ணில்ல. கிராஸோ ஷொட்டோ எதிராளி மேல பட்டு ஓன் கோலானா போட்டவனுக்கு 3. பெனால்டி வாங்கிக் குடுத்து வேற ஒருத்தன் அடிச்சாலும் வாங்கினவனுக்கு 3. தானே எடுத்து அடிச்சா அசிஸ்ட் இல்ல. உங்க மச்சான் ஏமாத்தல.

இதுல எங்க வீட்டுல பெரிய சண்டையே வந்துச்சு. உள்ள போக இருந்த ஷொட் ஒருத்தன் மேல பட்டுப் போனா அடிச்சவன் பேருக்கே கோல். வெளிய போற பந்த அவன் உள்ள திருப்பிவிட்டா ஓன் கோல், அவனுக்கு மைனஸ் 2. என்னோட மிட்பீல்டருக்குக் கோலுக்கு வர வேண்டிய 5 போய் அசிஸ்ட் 3 தான் வந்துச்சு. பொயின்ட் ரெட்டிப்பாகும்னு அவனக் கப்டனா வேற போட்டிருந்தேன்.

கொட்டகலை கீப்பர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. அப்ப இவனத் தூக்கிட்டு டார்கோவ்ஸ்கிய எடுக்கவா? பொயின்ட் வெட்டாம ஆள் மாத்துற ஃப்ரீ டிரான்ஸ்பர் முடிஞ்சு போச்சு.

டிக்கோயா தராசு:
2 பொயின்ட் போன கோபத்துல 4 பொயின்ட கழிக்கப் போறீங்களா? அடுத்த வாரம் வரைக்கும் பொறுங்க. அதுவும் முதல் மேட்ச் தொடங்க ஒன்றரை மணித்தியாலத்துக்கு முந்தியே மாத்திடணும். ஒக்டோபர் கடைசியில இங்கிலாந்துக்காரங்க கடிகாரத்த மாத்தின பிறகு நமக்கு எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்தும்.

மஸ்கெலியா எக்ஸ்பிரஸ்:
எனக்கு சீஸ் கொத்து.