தேன்மெழுகு பூசியும் கொக்கி துரு பிடிக்குது, உதவி தேவை (அவசரம்)

முறுக்குக்கம்பி:
வணக்கம். சுவர்ல மாட்டுற இரும்புக் கொக்கி 14 உலையில காய்ச்சி அடிச்சு, எல்லாத்துக்கும் தேன்மெழுகு பூசினேன். 5 நாள்ல ஆரஞ்சு துரு. சனிக்கிழமை கொடுக்கணும். என்ன பூசலாம்?

பட்டர்வொர்த் உலை:
என்ன இரும்பு? காய்ச்சினப்போ மேல படிஞ்ச கறுப்புச் செதிலை எப்படி எடுத்தீங்க? மெழுகு பூசும்போது இரும்பு சூடா, ஆறிப்போச்சா? துரு எந்த இடத்துல? படம் போடுங்க.

தென்னந்தோப்பு:
மெழுகை விடுங்க. தேங்காய் எண்ணெய் தடவி நெருப்புல காட்டினா போதும். தோசைக்கல்லை அப்படித்தானே பழக்குறோம்?

கருமான் மூத்தவர்:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. தோப்புக்காரரே, தோசைக்கல் தினமும் அடுப்பும் எண்ணெயும் பார்க்குது, கொக்கி பார்க்காது. எண்ணெய் எவ்வளவு காயும்னு காட்டுற அயோடின் எண், தேங்காய் எண்ணெய்க்கு 10 பக்கம், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல. எண் குறைஞ்ச எண்ணெய் காய்ஞ்சு படலம் ஆகாது. கொக்கியில பிசுபிசுன்னு தூசியைப் பிடிச்சுக்கிட்டு, நாளானா காறல் வாடை அடிக்கும்.

தென்னந்தோப்பு:
எண்ணைப் படிச்சா எண்ணெய் தெரிஞ்சிடுமா ஐயா? எத்தனை வீட்டுல அரிவாள்மனைக்குத் தேங்காய் எண்ணெய்தான் தடவுறாங்க.

கருமான் மூத்தவர்:
வாராவாரம் தடவுறதால நிக்குது. கொக்கி வாங்குறவர் வாராவாரம் தடவுவாரா?

முறுக்குக்கம்பி:
மன்னிக்கணும், விவரம் விட்டுப்போச்சு. 10 மி.மீ. சதுரக் கம்பி, மைல்ட் ஸ்டீல். வினிகர்ல ராத்திரி முழுக்க ஊறவச்சு, வயர் பிரஷ் போட்டு, பைப் தண்ணியில கழுவி, காலை வரைக்கும் காயவிட்டேன். மெழுகை உருக்கிப் பிரஷ்ல பூசினேன். இரும்பு ஆறித்தான் இருந்தது. துரு முறுக்கோட பள்ளத்துலயும் சுருள் உள்பக்கமும் மட்டும். 10 கொக்கி வீட்டுக்குள்ள, 4 பினாங்கு கடலோரம் தஞ்சோங் பூங்காவுல ஒரு வீட்டு கேட் பக்கம்.

பட்டர்வொர்த் உலை:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் தம்பி. மெழுகு மேல தப்பில்ல. பள்ளத்துல வினிகர் புளிப்பு தங்கிடுச்சு. பத்தாததுக்கு நம்ம ஊர் ஈரக்காத்துல ராத்திரி முழுக்க ஈர இரும்பு, மெழுகுக்கு முன்னாடியே துரு ஆரம்பிச்சாச்சு. ஆறின இரும்புல பூசின மெழுகு உடனே உறைஞ்சு மேலாப்புல நிக்கும், பள்ளத்துக்குள்ள இறங்காது.

இப்ப பழைய மெழுகைக் கொதிதண்ணியில போட்டு எடுங்க, 65 டிகிரிக்குள்ள உருகி மிதக்கும். மிதக்கிறதை வழிச்சுட்டு வெளிய எடுங்க, இல்லாட்டி திரும்ப ஒட்டிக்கும். வயர் பிரஷால பள்ளத்தைத் தோண்டித் தேய்ங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, புளிப்பு முறிய கால் மணி நேரம் ஊறட்டும். அப்புறம் சுடுதண்ணியில அலசி, துடைச்ச கையோட கேஸ் டார்ச் நெருப்புல சூடேத்துங்க. காத்துல காயவிடாதீங்க. தண்ணி சொட்டு விட்டா உடனே சுர்ருன்னு போகணும். அந்தச் சூட்டுல மெழுகுக் கட்டியைத் தேய்ச்சா தானா ஓடிப் பள்ளத்துக்குள்ள போகும். லேசாப் புகைஞ்சா சரி, குபுகுபுன்னு புகைஞ்சா சூடு அதிகம், மெழுகு எரிஞ்சு கறுப்புத் திட்டு விழும். இரும்பு நீலம் காட்டுச்சுன்னா 300 டிகிரி பக்கம் போயிட்டீங்க, ஆறவிடுங்க. சூடு இருக்கும்போதே பருத்தித் துணியால மிச்சத்தைத் துடைச்சிடுங்க.

ரவாங் பட்டறை:
உள்ள மாட்டுறதுக்கு அது சரி. கேட் பக்கம் 4க்கும் கடல் உப்புக்காத்து, மெழுகு தாங்காது. துத்தநாக பிரைமர் (துரு தடுக்கிற அடிப்பூச்சு) 1 கோட்டு, மேல மினுமினுப்பில்லாத மேட் கறுப்பு பெயிண்ட் 2 கோட்டு. மெழுகு துளி இருந்தாலும் பிரைமர் ஒட்டாது, தின்னர்ல துடைங்க.

கருமான் மூத்தவர்:
பெயிண்ட் அடிச்சா சம்மட்டித் தடம் எங்க தெரியும்? அதுக்குக் கடைக் கொக்கியே வாங்கலாமே. ஆளிவிதை எண்ணெய் பூசுங்க.

ரவாங் பட்டறை:
மெல்லிசா அடிச்சா தடம் தெரியும் ஐயா. வெளிய வெயிலும் மழையும் படுற இடத்துல ஆளிவிதை எண்ணெயும் நாள்பட வெளுத்துத் துரு எடுக்கும். அதோட அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில போடக்கூடாது, தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி டின்ல முக்கி வைங்க. இதை ஏன் யாரும் சொல்லல?

தென்னந்தோப்பு:
தேங்காய் எண்ணெய்த் துணி அப்படிப் பிடிக்காது, சொல்லி வைக்கிறேன் 😄

முறுக்குக்கம்பி:
உள்ள மாட்டுற 10ம் சோடா, சூடு, மெழுகு முடிஞ்சது. 2 நாளா துரு இல்ல. கேட் கொக்கிக்கு பிரைமர் அடிச்சிருக்கேன். நன்றி அண்ணே.

பட்டர்வொர்த் உலை:
திருகாணி ஓட்டையோட உள்பக்கமும் கொக்கியோட முதுகும் பூசினீங்களா? சுவர்ல ஒட்டுற பக்கம்தான் முதல்ல போகும்.

கரண்டிக்காரி:
இதே மெழுகை அடிச்ச சட்டுவத்துக்குப் போடலாமா? அடுப்புல உருகுமே?