ஈக்கு அல்சைமர் வருமா?

குமரன்_திருச்சி: "பழ ஈயை வைத்து அல்சைமர் என்ற மறதி நோயை ஆராய்வது காசைக் கரியாக்கும் வேலை" என்று நேற்று செல்வம் சார் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் முக்கால் பங்குக்கு ஈயிடம் இணையான மரபணு இருக்கிறது சார்.

செல்வம்: முக்கால் பங்கு இருக்கட்டும். அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் ஈக்குச் சொந்தமாக உண்டா? அதைச் சொல்லுங்கள்.

குமரன்_திருச்சி: அமிலாய்டுக்கு மூலமான ஏபிபி மரபணுவுக்கு இணையானது அதனிடம் உண்டு, அமிலாய்டு பகுதிதான் மனிதனுடையதோடு பொருந்தாது. அதனால்தான் மனித அமிலாய்டை உள்ளே வைக்கிறார்கள். ஒரு மரபணுவை வேண்டிய உறுப்பில் மட்டும் இயக்க, பிராண்ட், பெரிமன் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் கொண்டுவந்த கேல்4 முறையில், கண்ணில் மட்டும் அதை உருவாக்க வைக்கலாம். தேன்கூடு மாதிரி வரிசையாக இருக்க வேண்டிய கண் சுருங்கிச் சொரசொரப்பாகிவிடும். அப்புறம் வேறொரு மரபணு மாறிய ஈயோடு இணை சேர்த்து, குஞ்சின் கண் தேறுகிறதா மோசமாகிறதா என்று பார்த்தால், அந்த மரபணு நோயைத் தடுக்கிறதா தூண்டுகிறதா என்று பிடிபடும். 25 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை!

செல்வம்: நீங்களே வைக்கிறீர்கள், நீங்களே நோய் என்கிறீர்கள். விஷம் வைத்தால் எந்த உயிரும்தான் வாடும். சொந்த அமிலாய்டு கிடையாது, அவ்வளவுதான்.

குமரன்_திருச்சி: எலிக்கும் மனித மரபணுவைத்தான் வைக்கிறார்கள். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மாந்தோப்பு_ராணி: பழ ஈ என்றால் எங்கள் மாங்காயில் முட்டையிட்டுப் புழு வைக்கிறதே, அதுவா? அதை வளர்க்க வேறு செய்கிறார்களா?

குமரன்_திருச்சி: இல்லைங்க அக்கா, அது வேறு குடும்பம். இது கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் 3 மில்லிமீட்டர் ஈ.

மாந்தோப்பு_ராணி: விவசாயிக்குப் பழ ஈ என்றால் அதுதான் தம்பி. உங்கள் ஈக்கு வேறு பெயர் வையுங்கள்.

குமரன்_திருச்சி: நூறு வருடமாக ஆய்வகத்தில் இருக்கிற ஈ அக்கா, பெயரை நான் வைக்கவில்லை. செல்வம் சார், இன்னொன்று. அல்சைமரில் மூளையில் திரளும் இன்னொரு புரதமான மனித டௌவை 2001-இல் ஈக்குள் வைத்தார்கள், நரம்பு செல்கள் அழிந்தன, ஈக்கள் சீக்கிரம் செத்தன. வாசனையோடு மின்அதிர்ச்சி கொடுத்துப் பழக்கி, அமிலாய்டு ஈக்கு நினைவு குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

செல்வம்: போன மாதம் மஞ்சள் விவாதத்திலும் இப்படித்தான் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். என் அம்மா ஆறு வருடமாக இந்த நோயோடு இருக்கிறார், என்னை "யாருப்பா நீ" என்று கேட்கிறார். அவருக்கு ஈயா வந்து மருந்து தரும்?

குமரன்_திருச்சி: அம்மாவைப் பற்றிக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதற்காக ஆராய்ச்சியே வீண் என்பதை ஏற்க மாட்டேன்.

செல்வம்: சொந்த அமிலாய்டு உண்டா, இல்லையா?

மாந்தோப்பு_ராணி: பெயருக்கு இன்னும் பதில் வரவில்லை தம்பி.