பரதநாட்டியக் கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பில் முழுமண்டியை (முழுதாகக் குந்தி உட்காரும் நிலையை) எடுத்துவிடலாமா? நிருத்தத்தில் (அபிநயம் இல்லாத தூய ஆட்டத்தில்) சுதந்திரம் எதுவரை? (அரைமண்டி, தட்டுக்கழி, மூன்றாம்காலம் என்பவை பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

அரைமண்டி:
இப்போது மேடையேறும் பல அலாரிப்புகளில் முழுமண்டிப் பகுதியையே காணோம். அந்த இடத்தில் மேடையை ஒரு சுற்று, ஒரு மயில் நிலை, ஒரு வேல் நிலை. அலாரிப்பின் வரிசை வெறும் அழகுக்காக வந்ததல்ல. சமபாதத்தில் (பாதம் சேர்த்து நின்று) கண், அட்டமி (கழுத்தசைவு), தோள், கை, பிறகு அரைமண்டி (முட்டியை விரித்துப் பாதி தாழ்ந்த நிலை), அதன்பின் முழுமண்டி, எழுந்து காலம் (வேகம்) கூட்டித் தீர்மானம் (முடிப்பு). பாட்டு கிடையாது, சொற்கட்டும் (வாயால் சொல்லும் தாளச் சொற்களும்) மிருதங்கமும்தான் துணை. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் பேசியபோது மார்க்கத்தை (கச்சேரியின் உருப்படி வரிசையை) கோயிலாகக் கண்டு, அலாரிப்பைக் கோபுரம் என்றார், அடுத்து வரும் ஜதீஸ்வரத்தை (ஸ்வரங்களுக்கு ஆடும் உருப்படியை) அர்த்தமண்டபம் என்றார். கற்பனைக்கு ஜதீஸ்வரமும் தில்லானாவும் இருக்கின்றனவே, அலாரிப்பில் ஏன் கைவைக்க வேண்டும்?

தட்டுக்கழி:
அந்த உவமை உருப்படிகளின் வரிசைக்கு. அலாரிப்புக்குள் எந்த அசைவு எத்தனை முறை என்பதற்கு அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

"வரிசை மாறாது" என்பவர்கள் மனத்தில் இருப்பது திஸ்ர (மூன்றின் கணக்கு) அலாரிப்பு. தாம் தித் தாம் தெய் தத் தெய் என்று ஆறு சொல், வலத்துக்கு மூன்று, இடத்துக்கு மூன்று, தகராறே இல்லை. மிஸ்ரத்துக்கு (ஏழுக்கு) வாருங்கள். 3+4. கண்ணை வலப்பக்கம் மூன்றிலும் இடப்பக்கம் நான்கிலும் ஓட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவராது. பக்கத்துக்கு முழு ஏழு கொடுத்தால் அந்தப் பகுதி இரு மடங்கு நீளும். இல்லையென்றால் மூன்றில் பழைய அசைவை முடித்து, மிச்ச நான்குக்குப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். இதில் எதைச் செய்தாலும் அது நடனம் அமைப்பவரின் முடிவுதானே? ஒன்பதில் கேட்கவே வேண்டாம். பல இடங்களில் திஸ்ர அசைவை அப்படியே வைத்து, மிச்ச மாத்திரைகளில் (தாள அலகுகளில்) கையை நீட்டியபடி நிற்கிறார்கள். அதைப் பாரம்பரியம் என்று சொல்லாதீர்கள்.

அரைமண்டி:
அசைவை நீட்டுவதும் பகுதியைத் தூக்குவதும் ஒன்றா? ஏழிலும் ஒன்பதிலும் முழுமண்டி செய்யலாம், செய்கிறார்கள். தூக்குவதற்குக் காரணம் தாளம் அல்ல. முழுமண்டியில் முதுகு சாயாமல், குதிகால் சேர்ந்து, முட்டி இரண்டு பக்கமும் விரிந்து உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ வேண்டும். தொடையில் பலம் போதாதபோது அந்த இடத்தில்தான் ஓட்டமும் சுற்றும் வந்து சேர்கின்றன.

மூன்றாம்காலம்:
இருவரும் அலாரிப்பிலேயே நிற்கிறீர்கள். கோளாறு அதிகம் ஜதீஸ்வரத்தில். "சுதந்திரம்" என்று கோர்வை (அடவுகளை, அதாவது அடிப்படை அசைவுகளை, தொடுத்த வரிசை) கட்டுகிறவர்கள் கணக்கில் விழுவதில்லை, காலில் விழுகிறார்கள்.

ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரை. ததிங்கிணதொம் மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு கார்வை (இடைவெளி): 5+2+5+2+5, ஆக 19. பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) எடுப்பு (தொடக்கம்) என்றால் 13 மாத்திரை விட்டு, அதாவது நடுவிரல் எண்ணிக்கையில் (நான்காம் அட்சரத்தில்) ஒரு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். அரை இட எடுப்பு (சமத்துக்கு இரண்டு மாத்திரை தள்ளி) என்றால் அதே விரலில் மூன்று மாத்திரை தள்ளி. இதை மறந்து சமத்துக்கு முடித்துவிட்டு, பாடகர் எடுக்கும்வரை இரண்டு மாத்திரை விழிப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

இதுவரை நட்டுவனார் (ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்) திருத்திவிடுவார். அடுத்தது அவராலும் முடியாது. சொல்லுக்கு ஒரு தட்டு, வலது இடது மாறி மாறி என்று வையுங்கள். ஐந்து, ஒற்றைப்படை. மூன்று முறை சேர்ந்து பதினைந்து தட்டு. வலதில் தொடங்கினால் கடைசித் தட்டும் வலது. உடல் பாரம் வலக்காலில் நிற்க, அடுத்த நாட்டடவோ வலக்காலை நீட்டச் சொல்கிறது. கடைசித் தட்டை மெட்டாக (பாரம் ஏற்றாத மெல்லிய தட்டாக) மாற்றிப் பாரத்தை இடக்காலில் விட வேண்டும், அல்லது எங்காவது கார்வையில் கால் மாற்ற வேண்டும். காகிதத்தில் கோர்வை எழுதுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆடுகிறவள் ஒரு சின்னத் துள்ளல் போட்டுச் சமாளிக்கிறாள், அரைமண்டி எழும்பிவிடுகிறது.

தட்டுக்கழி:
இது நல்ல பேச்சு. ஒன்று சேர்க்கிறேன். அட்சரத்துக்கு ஒரு நொடி வேகம் என்றால் மூன்றாம் காலத்தில் (நான்கு மடங்கு வேகத்தில்) ஒரு தட்டுக்குக் கால் நொடிதான். அதில் பாய்ச்சலை வைத்து மேடையைக் குறுக்கே கடக்க நினைத்தால் பாய்ச்சலும் இராது, தட்டும் கேட்காது. இடம் பெயர வேண்டுமா, இரண்டாம் காலத்திலேயே பெயர்ந்துவிடுங்கள்.

அரைமண்டி:
அப்படியானால் இதையும் சொல்லுங்கள். ஸ்வரம் 3+3+2 என்று போகும்போது அடவை 4+4 என்று கட்டுகிறார்களே, அது சரியா? ஸ்வரத்தின் வெட்டும் காலின் வெட்டும் ஒன்றாக விழ வேண்டாமா?

தட்டுக்கழி:
எட்டில் இரண்டும் சேர்கின்றன. எல்லா இடத்திலும் ஸ்வரத்தையே கால் ஒப்பித்தால் ஜதீஸ்வரம் எதற்கு? ஒரே ஜதீஸ்வரத்துக்குப் பாணிக்குப் பாணி கோர்வை வேறாக இருப்பதே இந்த இடைவெளியால்தான். நட்டுவனார் வழுவூர் ராமையா பிள்ளை ஜதிக்கு (சொற்கட்டு வரிசைக்கு) நடுவில் சிற்ப நிலைகளைக் கொண்டுவந்தார்; இன்று அதுவே வழுவூர் மரபு.

மூன்றாம்காலம்:
கொள்கையளவில் சரி. ஆனால் மிருதங்கக்காரர் யாரைப் பிடிப்பார்? காலைப் பிடித்தால் ஸ்வரத்தின் மூன்று மூன்று மறைந்துவிடும், ஸ்வரத்தைப் பிடித்தால் கால் தப்பியதாகச் சபைக்குத் தோன்றும். ஸ்வரம் இரண்டு முறை பாடப்படும் இடத்தில், முதல் முறை ஸ்வரத்தோடு ஒட்டி, இரண்டாம் முறை எதிராகப் போங்கள். காது முதலில் 3+3+2-ஐ வாங்கியிருக்கும்.

அரைமண்டி:
இரண்டு முறை பாடுவதே வலமும் இடமும் செய்வதற்குத்தானே? இரண்டாவதில் வேறு கோர்வை வைத்தால் இடப்பக்கம் எங்கே போயிற்று?

மூன்றாம்காலம்:
நாலு முறை பாடச் சொல்லுங்கள். பாடகர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.