வயது ஏற ஏற அரசியல் வலப்பக்கம் சாய்கிறதா?

கேள்வி: திண்ணைவாசி

இருபது வயதில் இடதுசாரியாக இல்லாதவனுக்கு இதயம் இல்லை, நாற்பது வயதிலும் இடதுசாரியாகவே இருப்பவனுக்கு மூளை இல்லை என்று என் மாமா அடிக்கடி சொல்வார்; சர்ச்சில் சொன்னது என்றும் சேர்த்துக்கொள்வார். ஏற்றத்தாழ்வு, சுற்றுச்சூழல், பாலினச் சமத்துவம் என நான் எதை எடுத்தாலும், “உன் வயதில் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்” என்ற ஒரே வரியில் விவாதத்தை முடித்துவிடுகிறார். எனக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனினும் ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. இளையோரும் மூத்தோரும் வெவ்வேறு பக்கம் வாக்களிப்பதற்கு வயதுதான் காரணமா, அல்லது அவரவர் வளர்ந்த காலம் காரணமா? எந்தக் கட்சி சரி என்ற வழக்கிற்குள் போகாமல், இதை மட்டும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

முதலில் சர்ச்சிலை விடுவித்துவிடுவோம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. இதே கருத்து, இடதுசாரியின் இடத்தில் குடியரசுவாதியை (மன்னராட்சியை எதிர்த்தவரை) வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சிலேயே வழங்கிவந்தது. மேலும், அவருடைய வாழ்க்கையே அந்த வாசகத்திற்கு எதிர்ச்சாட்சி: 1900-இல் கன்சர்வேட்டிவ் (பழமைவாத) கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்திற்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 25. 1904-இல் லிபரல் கட்சிக்கு மாறியவர், இருபது ஆண்டுகள் கழித்தே பழைய கட்சியின் பக்கம் திரும்பினார்.

இனித் தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே நாளில் எடுக்கப்படும் கருத்துக்கணிப்பில் இருபது வயதினரும் அறுபது வயதினரும் மாறுபட்டு நின்றால், அதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். வயது ஆக ஆக மனிதர் மாறுகிறார் என்பது ஒன்று. ஒவ்வொரு தலைமுறையும் தான் வளர்ந்த காலத்தின் முத்திரையைக் கடைசிவரை சுமக்கிறது என்பது மற்றொன்று. 1928-லேயே ஹங்கேரியில் பிறந்த சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் தலைமுறைகளைப் பற்றிய தம் கட்டுரையில் இதை எடுத்துரைத்தார். போர், பொருளாதார வீழ்ச்சி போன்ற நிகழ்வுகள் எல்லா வயதினரையும் ஒருசேர அசைக்கின்றன என்பது மூன்றாவது. ஒரு நாள் கணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் என்ற மகளிர் கல்லூரி 1932-இல் தொடங்கப்பட்டது. வசதியான, பெரும்பாலும் வலப்பக்கம் நின்ற குடியரசுக் கட்சியை ஆதரித்த குடும்பங்களின் பெண்கள் அங்கே படித்தனர். ஆசிரியர்களோ ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள். தியோடர் நியூகோம் என்ற சமூக உளவியலாளர் அந்த மாணவிகளை ஆராய்ந்தார். 1936 அதிபர் தேர்தலின்போது, முதலாமாண்டு மாணவிகளில் 62 விழுக்காட்டினர், தம் பெற்றோரைப் போலவே, குடியரசுக் கட்சியின் லாண்டனை விரும்பினர். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடையே அந்த ஆதரவு 15 விழுக்காடுதான். கல்லூரிச் சூழலின் தாக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே பெண்களை 1960-களின் தொடக்கத்திலும், பின்னர் 1984-இலும் மீண்டும் கேட்டபோது, முதுமையை எட்டிவிட்டிருந்த அவர்களுள் பெரும்பாலோர், கல்லூரியில் ஏற்றுக்கொண்ட நிலைப்பாட்டிலிருந்து அதிகம் நகரவில்லை. தங்கள் மாமாவின் வாதத்தின்படி அவர்கள் என்றோ வலப்பக்கம் போயிருக்க வேண்டும்.

பதில்: எண்ணும் எழுத்தும்

மேலே சொன்னதற்குத் துணையாகச் சில எண்கள். பிரிட்டனில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணிப்புப்படி, ஒருவர் இடதுசாரித் தொழிற்கட்சிக்கு வாக்களிப்பதைவிடக் கன்சர்வேட்டிவுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு அதிகமாகத் தொடங்கும் வயது 2017 தேர்தலில் 47. 2019-இல் அதுவே 39. இரண்டே ஆண்டுகளில் மனித இயல்பு எட்டு ஆண்டுகள் முன்கூட்டியே முதிர்ந்துவிட்டதா என்ன? பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) பற்றிய விவாதம், தலைவர்கள், பிரசாரம் ஆகியவை மாறின. எனவே அந்த எல்லைக்கோடு வயதினுடையது அன்று, அந்தந்தத் தேர்தலினுடையது.

இளையோர் எப்போதும் இடப்பக்கம்தான் என்பதும் உண்மையில்லை. 1984-இல் அமெரிக்காவில் முப்பது வயதுக்குட்பட்ட வாக்காளர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு வாக்களித்தனர். 2008-இல் அதே வயதினரில் 66 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவுக்கு வாக்களித்தனர். ரஷ்யாவில் 1996 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சியுகானவுக்குத் துணைநின்றவர்கள் முதியவர்கள்; சந்தைப் பொருளாதாரத்தை வரவேற்றவர்கள் இளையவர்கள். தாம் வளர்ந்த ஒழுங்கை மூத்தோர் காத்து நிற்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த ஒழுங்கு இடதா வலதா என்பது நாட்டைப் பொறுத்தது.

பதில்: மாற்றுக்குரல்

இருவரும் மாமாவை முழுமையாகத் தோற்கடித்துவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. சொந்த வீடு, சேமிப்பு, பிள்ளைகள், ஓய்வூதியம் என்று ஒருவர் சேர்த்துக்கொண்டே போகும்போது, வரி உயர்வைப் பற்றியும் திடீர் மாற்றங்களைப் பற்றியும் அவர் வேறுவிதமாக யோசிப்பது இயல்பே. ஆனால் இங்கே செயல்படுவது வயது அல்ல, உடைமை. வீடு வாங்குவது முப்பதுகளிலிருந்து நாற்பதுகளுக்குத் தள்ளிப்போனால், அத்துடன் வர வேண்டிய அரசியல் மாற்றமும் தள்ளிப்போகலாம், வராமலேயே போகலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1980-களிலும் 90-களிலும் பிறந்தவர்கள், முந்தைய தலைமுறையினர் அதே வயதில் சாய்ந்த அளவுக்கு வலப்பக்கம் சாயவில்லை என்று சுட்டிக்காட்டப்படுவதை இந்த நோக்கில்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வறியவர்கள் பொதுவாக வசதியானவர்களைவிட முன்னதாகவே இறக்கிறார்கள். ஆகவே எண்பது வயதினரின் கருத்து என்று நாம் கேட்பது, எஞ்சியிருப்பவர்களின் கருத்து. வாக்குச்சாவடிக்கு வராத இளையோரும் இதேபோல் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள். யாரும் மனம் மாறாமலேயே, மூத்தோர் வலப்பக்கம் இருப்பதுபோன்ற தோற்றம் இதனால் உருவாகக்கூடும்.

மேலும், ‘இளையோர்’ என்று ஒற்றைக் கூட்டம் ஒன்று இருப்பதுபோல் நாம் பேசுவதே எனக்கு உறுத்துகிறது. தென்கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில் இருபதுகளில் இருந்த ஆண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் பழமைவாதக் கட்சியின் யூனுக்கும், அதே வயதுப் பெண்களில் அதே அளவினர் அவரை எதிர்த்து நின்ற லீ ஜே-மியுங்குக்கும் வாக்களித்ததாக வாக்குப்பதிவு நாள் கணிப்புகள் காட்டின. ஜெர்மனியில் 2025 தேர்தலில் 25 வயதுக்குட்பட்டோரிடம் முதலிடம் இடதுசாரிக் கட்சிக்கு, இரண்டாமிடம் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு. நடுவில் நிற்கும் பழைய பெரிய கட்சிகளை விட்டு விலகுவதில்தான் இவர்கள் ஒன்றுபடுகிறார்கள்.

திண்ணைவாசி

மூவருக்கும் நன்றி. ஒரு சிறு ஐயம்: கருத்து இளமையிலேயே உறைந்துவிடுகிறது என்றால், மூத்தோருடன் பேசுவதால் பயனே இல்லை என்றாகிவிடாதா?

பதில்: ஏட்டுச்சுவடி

அப்படி இல்லை. கட்சிச் சார்பு இறுகுவது போல எல்லாக் கருத்தும் இறுகுவதில்லை. ஒருபாலினத் திருமணத்தை 2004-இல் அமெரிக்கர்களில் 31 விழுக்காட்டினர் ஆதரித்ததாகப் பியூ ஆய்வு மையம் கண்டது. 2019-இல் 61 விழுக்காட்டினர். பதினைந்து ஆண்டுகளில் தலைமுறைகள் இடம்மாறியதால் மட்டும் இவ்வளவு பெரிய மாற்றம் நேராது. மூத்த தலைமுறையினரிடமும் ஆதரவு உயர்ந்தது. தமக்குத் தெரிந்த ஒருவர் தம்மை ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதும் அவர்களில் பலரை மாற்றியிருக்கிறது. மாமா எந்த ஆண்டில் முதன்முறையாக வாக்களித்தார், அப்போது எது அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இடதா வலதா என்பதைவிட அதில் பேசுவதற்கு நிறைய இருக்கும்.