மறு: கண்டினியூவஸ் கிளீனிங் ஓவன், தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

> ‘தானியங்கித் துப்புரவு அடுப்பு’ன்னே வச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனா தப்பா புரியும், அதான் என் பயம். செல்ஃப் கிளீனிங் ஓவன்னு வேற ஒண்ணு இருக்கு, 1963ல அமெரிக்காவோட ஜிஇ (ஜெனரல் எலெக்ட்ரிக்) கம்பெனி கொண்டுவந்தது. அதுல பட்டனைத் தட்டினா கதவு பூட்டிக்கும், உள்ள சூடு 480 டிகிரி செல்சியஸ் பக்கம் போயி ஒட்டினதெல்லாம் சாம்பலாயிடும், ஆறினப்புறம் ஈரத்துணியால ஒரு வழி வழிச்சா வேலை முடிஞ்சுது. தானியங்கிங்கிற பேரு அதுக்குத்தான் பொருந்தும். நாம பேசுற கண்டினியூவஸ் கிளீனிங் ஓவன்ல பட்டனும் கிடையாது, பூட்டும் கிடையாது. சுவர்ல சொரசொரன்னு ஒரு எனாமல் பூச்சு, தொட்டுப் பார்த்தா நைசு உப்புத்தாள் மாதிரி இருக்கும், அதுல மாங்கனீசு மாதிரி உலோக ஆக்சைடு கலந்திருக்கும், அதான் எண்ணெய் எரியறதைத் தூண்டிவிடுற வினையூக்கி. வழவழன்னு இருக்கிற எனாமல்ல எண்ணெய் தெறிச்சா முத்து முத்தா நின்னு கருகும், இதுல அப்படி நிக்காம துளைத் துளையா இறங்கிப் பரவி மெல்லிசாயிடும், 200 டிகிரிக்கு மேல சமைக்கிறப்ப ஆக்சிஜனோட சேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா எரிஞ்சு போகும். ஒரே நாள்ல போகாது, அடுத்தடுத்த சமையல்லதான் போகும்.

இந்த வித்தியாசம் தெரியாம கையைச் சுட்டுக்கிட்ட ஆளு நான். பழைய ஓவன் பழக்கத்துல சுவர் பூரா கிளீனர் ஸ்ப்ரே அடிச்சேன், நுரை பொங்கிப் பொங்கித் துளைக்குள்ள இறங்கிடுச்சு, துடைக்கத் துடைக்க துணியோட பஞ்சுதான் சுவர்ல ஒட்டிக்கிட்டு வந்தது, அடுத்த தடவை சூடு பண்ணினா வீடு பூரா காரநெடி, வெள்ளை வெள்ளையா திட்டு, அந்த இடத்துல அதுக்கப்புறம் எண்ணெய் எரியவே இல்ல. கிளீனர்ல இருக்கிற காஸ்டிக் சோடா பூச்சையே கெடுத்துடும்னு அப்புறம்தான் படிச்சேன். அதனால பேரைக் கேட்டதுமே இது என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு தெரியணும்ங்கிறதுல நான் பிடிவாதமா இருக்கேன்.

‘தொடர் துப்புரவு அடுப்பு’ வார்த்தைக்கு வார்த்தை சரிதான், ஆனா கேட்டா யாரோ தினமும் துடைச்சுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு :) அதோட ஓவன் முழுக்க இந்தப் பூச்சு கிடையாது. பல ஓவன்ல பக்கச் சுவரும் பின்சுவரும்தான், அடித்தளமும் கம்பித்தட்டும் கதவுக் கண்ணாடியும் சாதா ரகம், அதையெல்லாம் சோப்புத்தண்ணி போட்டுக் கழுவித்தான் ஆகணும். அப்ப பேரை அடுப்புக்கு வைக்காம பூச்சுக்கு வச்சா என்ன?

என் பரிந்துரை: *பிசுக்குண்ணிப் பூச்சு*.

முதல்ல ‘கறையுண்ணி’ன்னு யோசிச்சேன், ஆனா எல்லாக் கறையையும் அது தின்னாதே. சர்க்கரைப் பாகு, ஜாம் வழிஞ்சா எரியாம கண்ணாடி மாதிரி இறுகித் துளையை அடைச்சுக்கும், ஓவன் ஆறினதும் ஈர ஸ்பாஞ்சாலயோ நைலான் பிரஷ்ஷாலயோ ஒத்தி ஒத்தி எடுத்துடணும், விட்டா அந்த இடம் போச்சு. ‘நெய்யுண்ணி’ இலக்கணமா அழகு, எண்ணெய்யே எள்+நெய்தானே, ஆனா இன்னிக்கு நெய்ன்னா டப்பா நெய்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பிசுக்குன்னா சமையலறையில நிக்கிற யாருக்கும் விளக்கமே வேணாம்.

– – –

> உண்ணின்னதும் மாட்டு மேல ஒட்டுற உண்ணிதாங்க நினைவுக்கு வருது. அப்புறம் பாகும் கைல பிசுபிசுக்கத்தானே செய்யுது?

ஹாஹா, ஆனா தாவர உண்ணி, ஊனுண்ணின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோமே, அப்ப யாரும் மாட்டை நினைக்கல. பாகு விஷயம் நியாயம்தான். பிசுபிசுப்பு வேற, பிசுக்கு வேறன்னு எனக்குக் காது சொல்லுது, பாத்திரத்துல பிசுக்குன்னு சொன்னா எண்ணெயைத்தான் சொல்றோம், பாகுன்னா ஒட்டுதுன்னுதான் சொல்வோம். சந்தேகம் இருந்தா முதல் தடவை மட்டும் ‘எண்ணெய்ப் பிசுக்குண்ணி’ன்னு நீட்டி எழுதிக்கலாம். ஓவனுக்கு ஈழத்துல புழங்குற ‘போறணை’ எனக்கு ரொம்பப் பிடிக்கும், போர்த்துக்கீசியத்துல இருந்து வந்து நம்மளோடதாவே ஆயிட்ட சொல்லு, ஆனா அது தனி இழைக்கான (த்ரெட்) சண்டை.

ஓவன் கையேடு மொழிபெயர்க்கிறவங்க கேட்ட எச்சரிக்கை வரிகள், என் வரைவு இது: “பிசுக்குண்ணிப் பூச்சு உள்ள சுவர்களில் ஓவன் கிளீனர், கம்பி நார், தேய்க்கும் பவுடர் எதையும் பயன்படுத்தாதீர்கள். பிசுக்கு மிகுந்தால் ஓவனைக் காலியாக 220 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் இயக்குங்கள்.” ‘கம்பி நார்’க்கு இதைவிட நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்.